மலைப்பாதையில் மோதிய கார்: தவறு யாருடையது, பணம் யார் தருவது?

கேள்வி: நான் சேலம் அம்மாப்பேட்டையில் வசிக்கும் பள்ளி ஆசிரியை. பன்னிரண்டு நாட்களுக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாகலூரில் உறவினர் வீட்டு விசேஷத்துக்காக என் கணவர் பெயரில் உள்ள காரை ஓட்டிக்கொண்டு ஏற்காடு மலைப்பாதையில் ஏறினேன். பக்கத்தில் என் மாமியார், பின்னால் நாத்தனார் மகன். இடப்பக்கம் திரும்பும் ஒரு கொண்டை ஊசி வளைவில், மேலிருந்து இறங்கிய வெளியூர் கார் என் காரின் வலது முன்பக்கத்தில் மோதியது. மோதிய வேகத்தில் என் கார் பின்னால் நகர்ந்து, தொடர்ந்து வந்த மோட்டார் சைக்கிளைத் தட்டிவிட்டது. அதை ஓட்டி வந்தவருக்கு முழங்காலில் சிராய்ப்பு. மாமியாருக்கு வலது மணிக்கட்டில் வலி. கட்டுப் போடும் வைத்தியரிடம் கட்டுப் போட்டிருக்கிறோம். கூடியிருந்தவர்கள் 'பெண்கள் மலையில் கார் ஓட்டினால் இப்படித்தான்' என்றார்கள். பதற்றத்தில் 'தவறு என்னுடையது, யார் மீதும் புகார் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். மோட்டார் சைக்கிள்காரருக்கு 5,000 ரூபாய் கொடுத்தேன். போலீசுக்குப் போகவில்லை. சர்வீஸ் சென்டரில் 62,000 ரூபாய் செலவாகும் என்கிறார்கள். 'வீட்டுச் சுவரில் இடித்ததாக எழுதிவிடுங்கள், சீக்கிரம் முடியும்' என்றும் சொல்கிறார்கள். பாலிசி முழுக் காப்பீடு. என்னிடம் செல்லுபடியாகும் லைசென்ஸ் இருக்கிறது. கையெழுத்துப் போட்ட பிறகு ஏதாவது கேட்க முடியுமா? மாமியாருக்காக நஷ்டஈடு கேட்டால், அவர் தன் மகன் மீதே வழக்குப் போட்டதாக ஆகிவிடுமா? நாத்தனார் மகன் எடுத்த படங்களை இணைத்திருக்கிறேன்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் உங்கள் மாமியாரின் கை. கட்டை அவிழ்த்து, நாளைக் காலையே எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். மணிக்கட்டில் உள்ள சிறிய எலும்புகளில் விழும் முறிவு சில நேரம் முதல் படத்தில்கூடத் தெரியாது. கையால் அழுத்திப் பார்த்துத் தெரியவே தெரியாது. வயதானவர்களுக்கு எலும்பு தவறாகக் கூடிவிட்டால் அதன் பிறகு ஒரு சொம்புத் தண்ணீரைக் கூடத் தூக்க முடியாமல் போகும். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துப் போய், கார் விபத்தில் ஏற்பட்ட காயம் என்று தெளிவாகச் சொல்லுங்கள். அங்கே விபத்துப் பதிவேட்டில் பதிவார்கள். அதன் நகலை 'ஏ.ஆர். காப்பி' என்பார்கள். அவருடைய காயத்துக்கும் இந்த விபத்துக்கும் உள்ள தொடர்பைச் சொல்லும் முதல் அரசுக் காகிதம் அதுதான். கட்டுப் போட்ட வைத்தியரையும் மறைக்க வேண்டாம். அன்றே வைத்தியம் பார்த்தோம் என்பதற்கு அவரும் ஒரு சாட்சி.

இருபத்தாறு ஆண்டுகளாக நான் காப்பீட்டு சர்வேயர். நொறுங்கிய வண்டிகளைப் பார்த்துச் சேதத்தை மதிப்பிடுவது என் தொழில். சேலத்திலிருந்து ஏற்காடு வரை உள்ள இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் ஏதாவது ஒரு வண்டிக்காக இறங்கி நின்றிருக்கிறேன். எனக்கு வரும் கடிதங்களில் பாதிக்கு மேல் உங்களுடையதைப் போலவே ஒரு குழப்பத்தில் சிக்கியிருக்கின்றன. தவறு யாருடையது என்று தீர்ந்தால்தான் பணம் வரும் என்று எண்ணிக்கொண்டு, தவறு தன்னுடையது என்று நாலு பேர் சொன்னதும் எல்லாவற்றையும் கைவிட்டுவிடுகிறார்கள். உங்கள் காரைப் பழுது பார்க்கும் பணத்துக்கும் தவறு யாருடையது என்பதற்கும் சம்பந்தமே இல்லை.

முழுக் காப்பீடு என்பது இரண்டு ஒப்பந்தங்கள் ஒரே தாளில் இருப்பது. ஒன்று சொந்தச் சேதத்துக்கு, இன்னொன்று மூன்றாம் நபருக்கு, அதாவது உங்கள் காரால் பாதிக்கப்படும் பிறருக்கு. சொந்தச் சேதப் பகுதியில், நீங்களே மரத்தில் மோதியிருந்தாலும் நிறுவனம் பணம் தர வேண்டும். ஓட்டியவரிடம் செல்லுபடியாகும் லைசென்ஸ் இருக்க வேண்டும், குடித்திருக்கக் கூடாது, சொந்த உபயோகத்துக்கான காரை வாடகைக்கு ஓட்டியிருக்கக் கூடாது. முக்கியமான நிபந்தனைகள் அவ்வளவுதான். கார் கணவர் பெயரில் இருப்பதும் நீங்கள் ஓட்டியதும் ஒரு குறையே அல்ல. எதிர் கார்க்காரரின் நிறுவனம் உங்கள் பம்பருக்குப் பணம் தருமா என்று காத்திருக்க வேண்டாம். இரண்டு கார்கள் மோதினால் அவரவர் வண்டிச் சேதத்தை அவரவர் நிறுவனமே பார்த்துக்கொள்வது என்று காப்பீட்டு நிறுவனங்கள் தங்களுக்குள் ஓர் ஏற்பாடு வைத்திருக்கின்றன.

ஆகவே இன்றே உங்கள் நிறுவனத்துக்குத் தகவல் கொடுங்கள். பன்னிரண்டு நாள் ஆகிவிட்டதே என்று தயங்க வேண்டாம். தாமதம் ஒன்றை மட்டுமே காரணமாகக் காட்டி உண்மையான கோரிக்கையைத் தள்ளக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2011-லேயே நிறுவனங்களுக்கு எழுதியிருக்கிறது. ஏன் தாமதம் என்பதை உள்ளபடி இரண்டு வரியில் எழுதுங்கள்: மாமியாருக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தோம், முறை தெரியவில்லை. தகவல் சேர்ந்த 24 மணி நேரத்துக்குள் சர்வேயரை நியமிக்க வேண்டும், அவர் 15 நாளில் அறிக்கை தர வேண்டும், அதன் பின் 7 நாளில் நிறுவனம் முடிவு சொல்ல வேண்டும் என்பது இப்போதைய விதி. சர்வேயர் வந்து பார்க்கும்வரை சர்வீஸ் சென்டரில் ஒரு போல்ட்டைக் கூடக் கழற்ற விடாதீர்கள். உடைந்த ஹெட்லைட்டைக் குப்பையில் போட்டுவிட்டால் அதற்கான பணமும் அதோடு போய்விடும்.

இப்போது அந்தச் சுவர்க் கதை. தயவு செய்து இதைச் செய்யாதீர்கள். சுவரில் இடித்த கார் எப்படி இருக்கும் என்று சர்வேயருக்குத் தெரியும். சுண்ணாம்போ சிமென்ட்டோ ஒட்டியிருக்கும், நசுங்கல் ஒரே மட்டத்தில் இருக்கும். உங்கள் காரின் வலது மட்கார்டில் இன்னொரு காரின் பம்பர் உயரத்தில் பள்ளம் விழுந்திருக்கிறது, அந்தக் காரின் வெள்ளைப் பெயின்ட் தீற்றலாக ஒட்டியிருக்கிறது. முழு உண்மையைச் சொல்லியிருந்தால் எளிதாகக் கிடைத்திருக்கும் பணத்தை, இப்படி ஒரு வாக்கியத்தால் இழந்த குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். உங்கள் விஷயத்தில் ஆபத்து இன்னும் பெரியது. நாளை அந்த மோட்டார் சைக்கிள்காரர் வழக்குப் போட்டால், அதே தேதியில் கார் மலையில் இருந்ததாக ஒரு காகிதமும் அம்மாப்பேட்டையில் சுவரில் இடித்ததாக இன்னொரு காகிதமும் நீதிமன்றத்தில் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும். மாமியாரின் காயத்துக்கான கோரிக்கையும் அதோடு குலைந்துவிடும். சர்வீஸ் சென்டர்காரர்கள் கெட்டவர்கள் என்று சொல்லவில்லை. வண்டி சீக்கிரம் வெளியே போக வேண்டும் என்பது அவர்கள் கவலை. பொய்யில் கையெழுத்துப் போடப்போவது நீங்கள்.

62,000-ல் எவ்வளவு வரும்? உங்கள் கார் வாங்கி நாலு வருடமும் சில மாதமும் ஆகிறது என்று பதிவுச் சான்றில் தெரிகிறது. நீங்கள் அனுப்பிய மதிப்பீட்டைப் பிரித்துப் பார்த்தேன். பம்பர், ஹெட்லைட் போன்ற பிளாஸ்டிக் பாகங்கள் 22,000. இவற்றில் தேய்மானமாகப் பாதியைக் கழிப்பார்கள், 11,000 வரும். மட்கார்டு, பானெட் ஆகிய இரும்பு பாகங்கள் 14,000. நாலுக்கு மேல் ஐந்து வயது வரையுள்ள காருக்கு 35 சதவீதம் கழிவு, ஆக 9,100. கூலி 12,000 முழுவதும் வரும். பெயின்ட் வேலை 14,000-ல் கால் பங்கைப் பொருள் செலவாக எடுத்து அதில் பாதியை, அதாவது 1,750 ரூபாயைக் கழிப்பார்கள், 12,250 வரும். கூட்டினால் 44,350. 1,500 சிசி வரை உள்ள காருக்குக் கட்டாயக் கழிவு 1,000 போக 43,350 ரூபாய். மீதி 18,650 உங்கள் கையிலிருந்து. 'பம்பர் டு பம்பர்' என்று சொல்லப்படும் தேய்மானமில்லாக் கூடுதல் காப்பீடு பாலிசியில் இருக்கிறதா என்று பாருங்கள்; இருந்தால் இந்தத் தேய்மானக் கழிவுகள் பெரும்பாலும் இருக்காது.

கோரிக்கை வைத்தால் நோ க்ளெய்ம் போனஸ் போய்விடுமே என்று உங்கள் கணவர் கவலைப்படுகிறார் என எழுதியிருந்தீர்கள். கவலை நியாயமானது, ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுக் கவலைப்பட வேண்டும். கோரிக்கையே இல்லாமல் ஓட்டினால் தள்ளுபடி 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று வருடத்துக்கு வருடம் ஏறும். நீங்கள் 45-ல் இருக்கிறீர்கள், அடுத்த புதுப்பித்தலில் 50 ஆகியிருக்கும். இப்போது பூஜ்யத்துக்கு இறங்கி, மறுபடியும் ஏற வேண்டும். ஐந்து வருடத்தில் நீங்கள் இழக்கும் தள்ளுபடி 50, 30, 25, 15, 5 என மொத்தம் 125 சதவீதம். சொந்தச் சேதப் பகுதியின் பிரீமியம் வருடத்துக்கு 8,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஐந்து வருட இழப்பு 10,000. கிடைப்பது 43,350. யோசிக்க ஒன்றுமில்லை. பம்பரில் ஒரு கீறல் மட்டும் என்றால் நானே வேண்டாம் என்று சொல்லியிருப்பேன்.

இனி, தவறு யாருடையது என்பது. இதற்குத்தான் நான் உங்கள் படங்களை இரண்டு மாலை நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீங்கள் இடப்பக்கம் திரும்பி ஏறியிருக்கிறீர்கள். அதாவது வளைவின் உள்பக்கம் உங்களுடையது. இறங்குகிறவருக்கு வெளிப்பக்கம், அகலமான பாதை. அவர் தன் பாதையிலேயே சுற்றி வந்திருந்தால் உங்களைத் தொட்டிருக்கவே முடியாது. ஆனால் இறங்கும் வேகத்தில், ஸ்டியரிங்கை அதிகம் சுற்றாமல் வளைவைக் குறுக்கே வெட்டி இறங்குவது இந்தப் பாதையில் ஞாயிற்றுக்கிழமைகளில் சாதாரணமாகிவிட்டது. சமவெளியில் மட்டும் ஓட்டிப் பழகியவர்கள் அதிகம் செய்வது இதுதான். இரண்டு வண்டி தாராளமாகக் கடக்க இடமில்லாத மலைப்பாதையில் ஏறும் வண்டிக்கே முன்னுரிமை, இறங்கும் வண்டி ஓரமாக நின்று வழிவிட வேண்டும் என்பது சாலை விதி. 1989 விதிகளில் இருந்தது, அவற்றின் இடத்தில் 2017-ல் வந்த விதிகளிலும் இருக்கிறது. கூட்டத்தில் ஒருவர் 'கீழே இறங்குகிறவனுக்குப் பிரேக் பிடிக்காது, ஏறுகிறவர்தான் நிற்க வேண்டும்' என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். விதி அதற்கு நேர் எதிராக இருக்கிறது.

ஆனால் உங்களிடமும் ஒரு கேள்வி கேட்க வேண்டும், நேர்மையாகப் பதில் சொல்லுங்கள். உள்வளைவில் ஏறும்போது சரிவு செங்குத்தாக இருக்கும். ஒரே வீச்சில் ஏறிவிட வேண்டும் என்று பலர் முதலில் வலப்பக்கம் அகலமாக வெளியே போய்ப் பிறகு இடப்பக்கம் ஒடிப்பார்கள். நீங்கள் அப்படிச் செய்தீர்களா? செய்திருந்தால் தவறில் உங்களுக்கும் பங்கு உண்டு. இதைத்தான் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் கேட்பார்.

நாத்தனார் மகன் எடுத்த நாலாவது படம் இதற்குப் பதில் சொல்கிறது என்று நினைக்கிறேன். உங்கள் காருக்கு முன்னால், தார்ச்சாலையில், ஒரு கைப்பிடி அளவுக்குச் செம்மண் கொட்டிக் கிடக்கிறது. அது ரோட்டோர மண் அல்ல. கார்களின் மட்கார்டுக்கு அடியில் மாதக்கணக்கில் ஒட்டிக் காய்ந்திருக்கும் மண், மோதிய அந்த நொடியில் உதிர்ந்து அப்படியே கீழே விழும். கண்ணாடித் துண்டுகள் சிதறி உருண்டோடும். பின்னால் நகர்ந்த கார் இடம் மாறிவிடும். இந்த மண் மட்டும் ஏறக்குறைய மோதிய இடத்திலேயே கிடக்கும். உங்கள் படத்தில் அது நடுக்கோட்டுக்கு இடப்புறம், உங்கள் பாதிக்குள், ஒன்றரை அடியாவது தள்ளி இருக்கிறது. மோதல் உங்கள் பக்கத்தில் நடந்திருக்கிறது என்பதே அதன் பொருள். வலது கதவில் உள்ள கீறலும் முன்னாலிருந்து பின்னால் போகப் போக மெலிந்து முடிகிறது. மேலிருந்து வந்த வண்டி உரசிக்கொண்டே கீழே போன அடையாளம் அது. பதினான்கு வயதுப் பையன், பெரியவர்கள் கத்திக்கொண்டிருந்தபோது, தரையைப் படம் எடுத்திருக்கிறான். அவனுக்கு என் பாராட்டைச் சொல்லுங்கள். படங்கள் அவன் போனிலேயே, எடுத்தபடியே இருக்கட்டும். வாட்ஸப்பில் அனுப்பிய நகலில் எடுத்த நேரமும் இடமும் போய்விடும். அந்த மூலப் படத்தை யாரும் அழித்துவிடக் கூடாது.

கையெழுத்துப் போட்ட காகிதம் உங்களைத் தூங்கவிடவில்லை என்கிறீர்கள். ஒருவர் ஒப்புக்கொண்டு எழுதியது சாட்சியமாகும், ஆனால் முடிந்த முடிவாகாது. நம் சாட்சியச் சட்டம் அதைத் தெளிவாகவே சொல்கிறது. எந்தச் சூழ்நிலையில் எழுதினேன், யார் சொல்லச் சொல்ல எழுதினேன் என்று நீங்கள் விளக்கலாம். மண்ணும் கீறலும் அந்த விளக்கத்தைத் தாங்கும். மலை நடுவில், வலியில் முனகும் ஒரு வயதானவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பத்துப் பதினைந்து ஆண்கள் சுற்றி நின்று பெண்ணின் ஓட்டுதலைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும்போது எழுதப்பட்ட காகிதத்துக்கு என்ன மதிப்பு என்று விபத்து இழப்பீட்டு வழக்குகளை விசாரிக்கும் தீர்ப்பாயத்துக்குத் தெரியும். இருபத்தாறு வருடத்தில் நான் பார்த்த மலைப்பாதை விபத்துகளில் பெண் ஓட்டியவை மிகக் குறைவு. அந்தக் கூச்சல் மட்டும் ஒவ்வொரு முறையும் தவறாமல் எழுகிறது. இதை எழுதும்போதும் எனக்குக் கோபம் வருகிறது.

ஆனால் அந்தக் காகிதத்தை உங்கள் நிறுவனத்திடம் மறைக்காதீர்கள். நிறுவனத்தின் எழுத்துப்பூர்வமான சம்மதமில்லாமல் தவறை ஒப்புக்கொள்வதோ பணம் தருவதாகச் சொல்வதோ கூடாது என்று பாலிசியிலேயே ஒரு நிபந்தனை இருக்கிறது. நீங்கள் எழுதிக் கொடுத்தது அதற்கு முரண். நாமே முன்கூட்டிச் சொல்லிவிட்டால் விளக்கமாக நிற்கும். எதிராளி கொண்டுவந்து காட்டினால் மறைத்ததாகிவிடும். 5,000 ரூபாயையும் 'காயத்துக்கு மருந்துச் செலவுக்காகக் கொடுத்தேன்' என்று உள்ளபடி எழுதுங்கள். காயம்பட்ட மனிதருக்கு அந்த இடத்தில் உதவியது சரியான செயல். அதற்காக வருந்த வேண்டாம்.

போலீசுக்குப் போக வேண்டும். காயம் ஏற்பட்ட விபத்தை 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-வது பிரிவு. அந்த நேரம் கடந்துவிட்டது. ஆனாலும் தாமதத்தாலேயே நஷ்டஈட்டுக் கோரிக்கை விழுந்துவிடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. காயம்பட்டவரைக் கவனிப்பதே குடும்பத்துக்கு முதல் வேலையாக இருக்கும் என்பதை நீதிபதிகளும் அறிவார்கள். எக்ஸ்ரேவும் ஏ.ஆர். காப்பியும் கையில் வந்ததும், உங்கள் மாமியார் பெயரில் புகார் எழுதி ஏற்காடு காவல் நிலையத்தில் கொடுங்கள். அந்த வளைவு எங்கள் எல்லையில் இல்லை என்று யாராவது சொன்னால், எல்லை எதுவானாலும் புகாரைப் பதிவு செய்ய இப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-வது பிரிவு இடம் தருகிறது என்று பணிவாக எடுத்துச் சொல்லுங்கள். புகாரைப் பெற்றுக்கொண்டதற்குக் காவல் நிலையம் தரும் சி.எஸ்.ஆர். ரசீதை வாங்காமல் திரும்பாதீர்கள். எதிர் காரின் பதிவு எண் உங்கள் படத்தில் இருக்கிறது. எம்பரிவாகன் செயலியில் போட்டால் அதன் காப்பீட்டு நிறுவனமும் காப்பீடு முடியும் தேதியும் தெரியும். எலும்பு முறிந்திருந்தால் சட்டத்தின் கண்ணில் அது கொடுங்காயம், வழக்கின் பிரிவே மாறும். மருத்துவரின் அறிக்கை இல்லாமல் போகாதீர்கள் என்று சொல்வது அதனால்தான்.

மோட்டார் சைக்கிள்காரர் விஷயத்தில் நீங்கள் நினைப்பதைவிடக் கொஞ்சம் சிக்கல் உண்டு. 2017-ல் கோயம்புத்தூரில் நடந்த ஒரு விபத்தின் வழக்கில் 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முன்னால் போன கார், உடன் வந்த கர்ப்பிணி மனைவிக்குக் குமட்டல் என்று நெடுஞ்சாலையில் சைகை எதுவும் காட்டாமல் சட்டென்று நின்றது. பின்னால் மோட்டார் சைக்கிளில் வந்த பொறியியல் மாணவர் அதில் மோதி விழ, தொடர்ந்து வந்த பஸ் அவர் மீது ஏறியது. அவர் ஒரு காலை இழந்தார். நீதிமன்றம் காருக்கு 50 சதவீதம், பஸ்ஸுக்கு 30, போதிய இடைவெளி விடாமல் வந்ததற்காக அந்த மாணவருக்கு 20 என்று தவறைப் பங்கிட்டது. தவறு என்பது ஒருவர் தலையில் மொத்தமாக விழும் பொருள் அல்ல என்று என்னிடம் வருகிறவர்களுக்கெல்லாம் இந்தத் தீர்ப்பைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். உங்கள் நிலை அந்தக் காரின் நிலையைவிட நல்லது. நீங்கள் நிற்கவில்லை, நிறுத்தப்பட்டீர்கள். மோதலின் விசையில் கார் பின்னால் போயிருந்தால் அதன் பொறுப்பு இறங்கி வந்தவருடையது. மோதி நின்ற பிறகு, பிரேக்கிலிருந்து கால் எடுத்ததால் உருண்டிருந்தால், அந்த அளவுக்குப் பொறுப்பு உங்களுடையது. ஏற்றத்தில் நெருங்கித் தொடர்ந்ததற்கு அவருக்கும் ஒரு பங்கு வரலாம்.

எப்படியானாலும் அந்தப் பொறுப்பை உங்களுக்காகச் சுமக்கத்தான் மூன்றாம் நபர் காப்பீடு. காயத்துக்கு அதில் வரம்பில்லை. அவருடைய வண்டிச் சேதத்துக்குத் தனியார் கார் பாலிசியில் வழக்கமாக 7.5 லட்சம் ரூபாய் வரை உண்டு. பிரீமியத்தைக் குறைக்கச் சிலர் இதை 6,000 ரூபாயாகச் சுருக்கியிருப்பார்கள், உங்கள் பாலிசியில் அந்த வரியைத் தேடிப் பாருங்கள். மூன்றாம் நபருக்காக நிறுவனம் கொடுக்கும் பணத்தால் நோ க்ளெய்ம் போனஸ் குறையாது. அவரிடமிருந்து நோட்டீஸ் வந்தால் பதில் எழுத உட்காராதீர்கள், போனில் பேரம் பேசாதீர்கள். அன்றைக்கே நகலெடுத்து உங்கள் நிறுவனத்துக்கு அனுப்பிவிடுங்கள். முழங்கால் எப்படி இருக்கிறது என்று விசாரிக்கப் போவது வேறு. அதற்குப் போங்கள், வெறுங்கையோடும் போக வேண்டாம், ஆனால் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

சர்வேயர் அறிக்கைக்குப் பிறகு உங்கள் நிறுவனம் நியாயமில்லாமல் குறைத்தாலோ மறுத்தாலோ, முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதி 30 நாள் பாருங்கள். பிறகு சென்னையில் உள்ள காப்பீட்டு ஆம்பட்ஸ்மேன். 50 லட்சம் வரை அங்கே தீர்க்கலாம். கட்டணமும் இல்லை, வக்கீலும் தேவையில்லை. சேலத்திலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையமும் இருக்கிறது. பணம் வாங்கும்போது 'முழுவதும் தீர்ந்தது' என்று ஒரு சீட்டு நீட்டுவார்கள். தொகையில் மறுப்பு இருந்தால் அதை அந்தச் சீட்டிலேயே எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

கடைசியாக, உங்கள் வீட்டில் எல்லோரையும் உறுத்திக்கொண்டிருக்கும் கேள்வி. உங்கள் மாமியார் காரில் அமர்ந்து வந்தவர். ஸ்டியரிங் அவர் கையில் இல்லை. இரண்டு ஓட்டுநர்களில் யாருக்கு எத்தனை சதவீதம் என்று தீர்ந்தாலும் அவருடைய தொகையில் ஒரு ரூபாய்கூடக் குறையாது. முழுத் தொகையையும் இரு தரப்பில் எவரிடமிருந்தும் அவர் கேட்கலாம். அவர்கள் தங்களுக்குள் பிரித்துக்கொள்வது அவர்கள் பாடு. மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் உள்ள காராக இருந்தால் உள்ளே இருந்தவர்களுக்கு அந்தப் பாலிசி உதவாது. உங்களுடையது முழுக் காப்பீடு. அதில் பயணிகளும் அடங்குவார்கள் என்று ஒழுங்குமுறை ஆணையமும் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டன.

மனுவைச் சேலம் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்திலேயே போடலாம். எதிர் கார் எந்த ஊராக இருந்தாலும், காயம்பட்டவர் வசிக்கும் இடமும் விபத்து நடந்த இடமும் போதும். விபத்து நடந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்பது 2022 ஏப்ரல் 1 முதல் சட்டத்தில் மீண்டும் வந்திருக்கிறது. பன்னிரண்டு நாள் போய்விட்டது. மீதி நாட்களை விட்டுவிடாதீர்கள். வக்கீல் செலவுக்கு அஞ்ச வேண்டாம். வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் பெண்கள் எல்லோருக்கும் இலவச சட்ட உதவி பெற உரிமை உண்டு. நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் ஒரு மனு எழுதிக் கொடுத்தால் வக்கீலை அவர்களே நியமிப்பார்கள்.

அந்த மனுவில் எதிர் காரின் உரிமையாளரும் அவரது காப்பீட்டு நிறுவனமும் எதிர்மனுதாரர்களாக இருப்பார்கள். எதிர்த்தரப்பு உங்கள் மீது பழி சொல்லும் என்பதால், வக்கீல் உங்கள் காரின் உரிமையாளரையும் உங்கள் நிறுவனத்தையும் சேர்க்கச் சொல்லலாம். அப்போது காகிதத்தில் தாய் மனுதாரர், மகன் எதிர்மனுதாரர் என்றுதான் இருக்கும். பார்க்கச் சங்கடமாக இருக்கும், ஆனால் பணம் கொடுக்கப்போவது மகன் அல்ல. அவர் வருடா வருடம் பிரீமியம் கட்டிய நிறுவனம். மகனின் பெயர் அந்த நிறுவனத்தின் கதவைத் தட்டுவதற்காக அங்கே இருக்கிறது. நீதிமன்ற முத்திரையோடு தபால் வந்து, அதில் தன் மகன் பெயரை எதிராளியாகப் படிக்க நேர்ந்தால் அந்தப் பெரியவர் மனம் உடைந்துபோவார். வக்கீலிடம் கையெழுத்துப் போடும் அன்றே, உங்கள் கணவர் பக்கத்தில் உட்கார்ந்து, 'அம்மா, என் பெயரும் இதில் வரும், நான்தான் வரச் சொன்னேன்' என்று தன் வாயால் சொல்லிவிடட்டும்.